எடைக்குப் போடாத எதிர்காலம்

படித்து முடித்ததும் தூக்கிப் போடுவதற்காகவே அச்சடிக்கப்பட்டவை அமெரிக்காவின் பழைய விஞ்ஞானக் கதை இதழ்கள். தாள் மட்டம், விலை மலிவு, மதிப்பு அதைவிட மலிவு. அவை இத்தனை ஆண்டுகளைத் தாண்டி நிற்பதற்கு, ஆசிரியருக்கு ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஒரு வாசகர் கூட்டம்தான் காரணம்.

1948 நவம்பர் மாத ‘அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழின் வாசகர் கடிதப் பகுதியில் விநோதமான ஒரு விமர்சனம் வந்தது. இந்தக் கதை பிரமாதம், அந்தக் கதை சுமார் என்று ஒரு வாசகர் தரவரிசை போட்டிருந்தார். அந்த இதழுக்கு மாதாமாதம் வருகிற கடிதங்களைப் போலத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. அவர் விமர்சித்திருந்தது 1949 நவம்பர் இதழை! வெளிவர இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. அதில் இடம்பெறும் கதைகளை அப்போது யாரும் எழுதக்கூட ஆரம்பித்திருக்கவில்லை.

ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் கடிதத்தை அச்சில் போட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடவில்லை. அதில் பெயர் வந்திருந்த எழுத்தாளர்களைச் சத்தமில்லாமல் பிடித்தார். வாசகர் கற்பனையாக வைத்த தலைப்புகளிலேயே கதை கேட்டார். ராபர்ட் ஹைன்லைன், தியடோர் ஸ்டர்ஜன், வான் வோக்ட், லெஸ்டர் டெல் ரே, ஸ்ப்ரேக் டி கேம்ப் எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். 1949 நவம்பர் இதழ் கடைக்கு வந்தபோது, ஓராண்டுக்கு முன் வந்த விமர்சனம் பெரும்பாலும் பலித்திருந்தது.

ஹைன்லைன் அந்த இதழுக்காக எழுதிய ‘கல்ஃப்’ இன்று அவருடைய சிறுகதைத் தொகுப்பில் கிடைக்கிறது. கதை வேண்டுமென்றால் அது போதும். ஆனால் இந்த விளையாட்டு தொகுப்பில் இல்லை. அது அந்த இரண்டு இதழ்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புரட்டினால்தான் புரியும். மறுபதிப்பில் கிடைக்கிற கதைகளுக்காக ஒருவர் பழுப்பேறிய பழைய இதழை ஏன் தேடி அலைய வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

சாணித்தாளில் பிறந்த விண்வெளி

கதை வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1896-இல் ஃபிராங்க் மன்ஸி என்ற பதிப்பாளர் தம் ‘ஆர்கோசி’ இதழை முழுக்க முழுக்கக் கதைகள் மட்டும் கொண்ட இதழாக்கி, இருப்பதிலேயே மலிவான மரக்கூழ்த் தாளில் அடித்தார். நம் ஊரில் சாணித்தாள் என்போமே, அந்த ரகம். விலை 10 சென்ட். வழவழப்பான தாளில் வந்த குடும்ப இதழ்களை வாங்க முடியாத தொழிலாளிகளும் மாணவர்களும் வாங்கினார்கள். கூழ் என்று பொருள்படும் ‘பல்ப்’ என்ற ஒரு வணிகமே அதிலிருந்து கிளம்பியது. ஏறத்தாழ 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம். உள்ளே கறுப்பு வெள்ளை. அட்டை மட்டும் கண்ணைப் பறிக்கும் வண்ணம். காதலுக்கு ஒன்று, கௌபாய்க்கு ஒன்று, துப்பறியும் கதைக்கு ஒன்று, விமானச் சண்டைக்கு ஒன்று என்று கடைகளில் தொங்கின.

விஞ்ஞானக் கதைக்கென்று தனி இதழ் வந்தது 1926 ஏப்ரலில். லக்ஸம்பர்கில் பிறந்து, 1904-இல் நியூயார்க்குக்குக் குடியேறி, ரேடியோ பாகங்களைத் தபாலில் விற்றுப் பிழைத்த ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ அது. வழக்கமான பல்பைவிடப் பெரிய அளவு, 96 பக்கம், 25 சென்ட். முதல் இதழில் இருந்த ஆறு கதைகளும் மறுபதிப்பு. ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி. வெல்ஸ், எட்கர் ஆலன் போ என்ற மூன்று பெரிய பெயர்களை முன்னால் நிறுத்திக் கடை திறந்தார் மனிதர்.

அட்டைப்படம் ஃபிராங்க் ஆர். பால் வரைந்தது. வானத்தை அடைத்துக்கொண்டு சனிக் கோள். கீழே பனிக்கட்டியின்மேல் சறுக்கி விளையாடும் மனிதர்கள். பனிக் குன்றுகளின் உச்சியில் ஏறி நிற்கும் பாய்மரக் கப்பல்கள். ஆஸ்திரியாவில் பிறந்த பால், கட்டடக் கலை படித்தவர். மனிதர்களை வரையச் சொன்னால் மரப்பாச்சி மாதிரி நிற்பார்கள். இயந்திரத்தையும் நகரத்தையும் கொடுத்தால் தூரிகை வேறு கதி எடுக்கும். இன்றைய சேகரிப்பாளர்கள் பலர் பாலின் அட்டைக்காகவே ஆரம்ப கால ‘அமேசிங்’ இதழ்களை வாங்குகிறார்கள். செவ்வாய்வாசிகளின் முக்காலி இயந்திரங்கள் நெருப்பைக் கக்கும் 1927 ஆகஸ்ட் இதழும், ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு ஒருவன் பறக்கும் 1928 ஆகஸ்ட் இதழும் அவர்கள் முதலில் சொல்லும் பெயர்கள்.

கெர்ன்ஸ்பேக் தொலைநோக்கு உள்ளவர். பணப்பட்டுவாடாவில் மட்டும் கை இறுக்கம். ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’ கதைக்கு எச்.பி. லவ்கிராஃப்டுக்குக் கிடைத்தது 25 டாலர். அதையும் வாங்க இழுபறி. அவரை எலி என்றே கடிதங்களில் குறிப்பிட்டார் லவ்கிராஃப்ட். 1929-இல் நிறுவனம் திவாலாகி ‘அமேசிங்’ கைமாறியது. சில மாதங்களிலேயே ‘சயன்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்’, ‘ஏர் வொண்டர் ஸ்டோரீஸ்’ என்று இரண்டு புது இதழ்களோடு வந்து நின்றார் கெர்ன்ஸ்பேக். 1930 ஜனவரியில் போட்டிக்கு ‘அஸ்டவுண்டிங்’ முளைத்தது. 1937 இறுதியில் அதன் ஆசிரியராக அமர்ந்த கேம்ப்பெல், 1971-இல் இறக்கும்வரை அந்த நாற்காலியை விடவில்லை. அசிமோவின் கதையையும் வான் வோக்டின் முதல் விஞ்ஞானக் கதையையும் சேர்த்துக் கொண்டுவந்த 1939 ஜூலை இதழில்தான் பொற்காலம் தொடங்கியது என்று ரசிகர்கள் கணக்குப் போடுவார்கள். அடுத்த மாதமே ஹைன்லைன் அறிமுகம். அதற்கடுத்த மாதம் ஸ்டர்ஜன்.

முகவரி போட்டதால் வந்த வினை

இனி முக்கியமான கேள்வி. 1920, 30-களில் காதல் கதை இதழ்களும் கௌபாய் இதழ்களும் விற்பனையில் விஞ்ஞானக் கதை இதழ்களை வெகுதூரம் பின்னால் தள்ளின. அப்படியிருந்தும் இன்று முழு வரிசையாகச் சேர்க்க முடிகிற பல்ப் இதழ்களில் விஞ்ஞானக் கதைக்கே பெரும் பங்கு. காதல் இதழ்கள் லட்சக்கணக்கில் அச்சாகி, ஏறக்குறைய மொத்தமாக மறைந்துபோயின. எப்படி?

விடை கடிதப் பகுதியில் இருக்கிறது. கெர்ன்ஸ்பேக் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டார். ராக்கெட் எரிபொருளைப் பற்றி மனதில் தோன்றியதை ஊரில் யாரிடமும் பேச முடியாமல் தவித்த பையன்களுக்கு, அதே பைத்தியம் பிடித்த இன்னொருவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தெரிந்துபோயிற்று. ஆசிரியரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கிளப்புகள் உருவாயின. ரசிகர்கள் தாங்களே உருட்டச்சில் அடித்துச் சுற்றுக்கு விட்ட சிற்றிதழ்கள் 1930-இல் தொடங்கின. கிளீவ்லாந்தில் அப்படி ஒன்றை நடத்திய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு பள்ளி மாணவர்கள்தான் பின்னாளில் சூப்பர்மேனைப் படைத்தார்கள்.

1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாடு கூடியது. சுமார் 200 பேர். கௌரவ விருந்தினர், ஓவியர் ஃபிராங்க் ஆர். பால். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ரே பிராட்பரிக்கு வயது 18. வழிச்செலவுக்குக் கடன் கொடுத்தவர் சக ரசிகர் ஃபாரஸ்ட் ஜே ஆக்கர்மேன். இந்த மாதிரிக் கூட்டம் காதல் இதழ்களுக்கு வாய்க்கவில்லை. அவற்றின் வாசகர்கள் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகத் தூக்கிப் போட்டார்கள். விஞ்ஞானக் கதை வாசகனுக்கோ போன வருஷத்து இதழ் வேண்டியிருந்தது. அதில் வந்த கதையைப் பற்றி இந்த மாதம் ஒருவன் தப்பாக எழுதியிருப்பான். பக்க எண்ணோடு மறுக்க வேண்டாமா? 1952-இல் டொனால்ட் டே என்ற ரசிகர், 1926 முதல் 1950 வரை வந்த இந்த வகை இதழ்கள் அத்தனைக்கும் அட்டவணை தயாரித்து நூலாக வெளியிட்டார். எந்தப் பல்கலைக்கழகமும் அவரைக் கேட்கவில்லை.

அமெரிக்காவுக்கு வெளியிலும் இந்தப் பித்து பரவியது. விற்காத இதழ்கள் கப்பலில் பாரச் சமநிலைக்காக ஏற்றப்பட்டு பிரிட்டன் போய்ச் சேர்ந்து, உல்வொர்த் கடைகளில் 3 பென்ஸுக்கு விற்றன என்று ஆர்தர் சி. கிளார்க் சொல்வார். பள்ளி மதிய இடைவேளையில் அந்தக் குவியலைக் கிளறிய பையன்களில் அவரும் ஒருவர். அவர் கண்ட முதல் இதழ், வியாழன் கோளை அட்டையில் கொண்ட 1928 நவம்பர் ‘அமேசிங்’. அதுவும் பால் வரைந்ததே. 1956-இல் இலங்கைக்கு வந்து அங்கேயே வாழ்ந்து 2008-இல் மறைந்த கிளார்க், தம் விஞ்ஞானக் கதை வாழ்க்கை வரலாற்றை 1989-இல் எழுதியபோது ‘அஸ்டவுண்டிங்’ இதழைச் சுற்றியே எழுதினார். தலைப்பும் ‘அஸ்டவுண்டிங் டேஸ்’.

ஆசை இருந்தும் சேர்க்க முடியாதவர்களும் உண்டு. அசிமோவின் அப்பா புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். பல்ப் இதழ்களும் அங்கே விற்பனைக்கு. குப்பை என்று மகனைத் தொட விடாத அப்பாவிடம், பெயரிலேயே ‘சயன்ஸ்’ இருக்கிறது என்று ஒரு கெர்ன்ஸ்பேக் இதழைக் காட்டி அனுமதி வாங்கினான் பையன். மடிப்பு விழாமல், கறை படாமல் படித்துவிட்டுத் திரும்பவும் கடையில் தொங்கவிட வேண்டும் என்பது நிபந்தனை.

தாளுக்குள்ளேயே எமன்

இவற்றைச் சேகரிப்பதில் உள்ள பெரிய சிக்கல் பணம் இல்லை, வேதியியல். மரத்தை அப்படியே அரைத்து எடுக்கும் கூழில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் படப்பட அது பழுப்பேறும். தாளில் அமிலம் கூடும். அமிலம் இழைகளை அறுக்க அறுக்க, ஒருநாள் பக்கத்தைத் திருப்பும்போது ஓரம் கையோடு வரும். பழைய பல்ப் குவியலைப் புரட்டிய மேசையில் பழுப்புத் தூள் உதிர்ந்து கிடப்பதை எந்தச் சேகரிப்பாளரும் அறிவார்.

இதழைத் தயாரித்த விதமும் எதிரிதான். பக்கங்களைவிட அட்டை சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்சி முதலில் மடங்கும், பிறகு கிழியும். முதுகுப் பகுதியில் பசை காய்ந்து அட்டை கழன்றுகொள்ளும். படித்துப் படித்து முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய காகிதம் திரட்டும் இயக்கங்களில் மூட்டை மூட்டையாகப் போனவை வேறு. தாள் தட்டுப்பாட்டில் இதழ்களே சுருங்கின. 1943 அக்டோபருடன் கேம்ப்பெல்லின் மாயக் கதை இதழ் ‘அன்னோன்’ நின்றது. நவம்பரில் ‘அஸ்டவுண்டிங்’ கையடக்க அளவுக்கு இறங்கி, பிறகு பல்ப் அளவுக்குத் திரும்பவே இல்லை.

படித்தவர்களின் அன்பும் சில சமயம் வினையானது. நம் வீடுகளில் வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார்களே, அதே வேலையை அங்கேயும் செய்தார்கள். பிடித்த கதையின் பக்கங்களை மட்டும் உருவிக் காலிகோ அட்டை போட்டார்கள். கதை பிழைத்தது, இதழ் செத்தது. பைண்டர் ஓரங்களைச் சீராக வெட்டும்போது மிஞ்சியதும் குறைந்தது. அதனால்தான் வெட்டாத ஓரமும் வெள்ளை மாறாத பக்கமும் உள்ள பிரதிக்கு இன்று மவுசு.

பாதுகாக்கும் முறை எளிது. குளிர்ச்சியும் வறட்சியும் ஏற்ற இறக்கமின்றி இருக்கும், வெயில் படாத அறை வேண்டும். ஒவ்வோர் இதழையும் பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டை வைத்து நிறுத்த வேண்டும். செல்லோ டேப் கூடவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் அமிலத்தின் வேகம் கூடும், பூஞ்சையும் பிடிக்கும் என்பதால் இன்னும் கவனம் தேவை.

எங்கிருந்து தொடங்குவது?

புதிதாகச் சேர்ப்பவர்கள் எடுத்த எடுப்பில் 1926 ஏப்ரல் ‘அமேசிங்’ மேல் கண் வைப்பார்கள். நல்ல நிலையில் உள்ள பிரதி ஆயிரக்கணக்கான டாலர் பேசும். அனுபவசாலிகள் வேறு வழி சொல்வார்கள்: சின்ன வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டு முழுமையாக்கு. ‘ஏர் வொண்டர் ஸ்டோரீஸ்’ மொத்தமே 11 இதழ்கள். ‘சயன்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்’ 12. முதல் பதிப்பாளர் கையில் இருந்த ‘அஸ்டவுண்டிங்’ 34. ‘அன்னோன்’ 39. கொஞ்சம் பெரிய மனது இருந்தால், லீ பிராக்கெட்டும் பிராட்பரியும் எழுதிய ‘பிளானெட் ஸ்டோரீஸ்’ 71.

வரலாறு பிடித்தவர்களுக்குத் தனி இதழ்கள் இருக்கின்றன. 1944 மார்ச் ‘அஸ்டவுண்டிங்’ அதில் ஒன்று. கிளீவ் கார்ட்மில் எழுதிய ‘டெட்லைன்’ கதையில் யுரேனியம்-235-ஐப் பிரித்தெடுத்து அணுகுண்டு செய்யும் வழி வந்தது. அமெரிக்காவின் அணுகுண்டு முயற்சியான மன்ஹாட்டன் திட்டம் பரம ரகசியமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. உளவுத் துறையினர் கேம்ப்பெல்லின் அலுவலகத்துக்கே வந்து விசாரித்தார்கள். எல்லாம் வெளியில் கிடைக்கும் விஞ்ஞானக் கட்டுரைகளிலிருந்து எடுத்ததுதான் என்று விளக்கினார் ஆசிரியர்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்க வேண்டிய இடங்களும் உண்டு. 1939 முதல் வந்த ‘அஸ்டவுண்டிங்’ பிரிட்டிஷ் பதிப்பு அட்டையில் மூலத்தைப் போலத் தெரியும். உள்ளே கதைகள் குறைவு. பிரபலமான இதழ்களுக்கு இப்போது அச்சு அசலான நகல் பதிப்புகளும் வருகின்றன. கூப்பன் வெட்டப்பட்ட பக்கம், காணாமல் போன பின்னட்டை, வேறு பிரதியிலிருந்து ஒட்டப்பட்ட முன்னட்டை ஆகியவற்றைக் கேட்டு உறுதிப்படுத்தாமல் பணம் அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் அருகே நடக்கும் ‘பல்ப்ஃபெஸ்ட்’ போன்ற சந்தைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். அங்கே 1950-களின் சாதாரண இதழ்கள் சில டாலர்களுக்கே கிடைக்கும்.

அழுக்கையும் சேர்த்தே காப்பது

மறுபதிப்பு, சல்லடை. நல்லதை மட்டும் கீழே விடும். முழு இதழில் எல்லாமே இருக்கும். கட்டுமஸ்தான உடம்புக்குத் தபால் வழிப் பயிற்சி, ரேடியோ மெக்கானிக் படிப்பு, பொய்ப்பல், குடலிறக்கப் பட்டை என்ற விளம்பரங்களைப் பார்த்தாலே அந்த இதழை யார் வாங்கினார்கள் என்று தெரிந்துவிடும். சந்திரனுக்குப் போகும் கதையைப் படித்தவர்கள் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள்.

அசிங்கங்களும் இருக்கும். விண்வெளி நாயகன் பக் ரோஜர்ஸ் முதன்முதலில் தோன்றிய 1928 ஆகஸ்ட் ‘அமேசிங்’ கதையில் ஆசியர்கள் அமெரிக்காவை ஆக்கிரமித்த கொடியவர்கள். கேம்ப்பெல்லின் தலையங்கங்களில் நிறவெறி வாடை அடிக்கும். 2019-இல் அவர் பெயரிலான விருதையே பெயர் மாற்றினார்கள். இவற்றை மறைக்காமல் எடுத்துப் பேச ஆதாரம் கையில் இருப்பதற்குக் காரணமும் இதழை முழுசாக வைத்திருந்தவர்கள்தான்.

கடைசியில் யாரிடம்?

1955-இல் ‘பிளானெட் ஸ்டோரீஸ்’ நின்றது. 1958 பிப்ரவரியில் ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன் குவார்ட்டர்லி’ நின்றபோது பல்ப் அளவில் வந்த கடைசி விஞ்ஞானக் கதை இதழும் போயிற்று. மலிவு விலைப் புத்தகமும் தொலைக்காட்சியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதன் பிறகு இதழ்களின் தலையெழுத்து வீட்டு அலமாரிகளில்தான் எழுதப்பட்டது.

சிலருடைய சேகரிப்புகள் நல்ல கரை சேர்ந்தன. மருத்துவர் ஜே. லாயிட் ஈட்டன் சேர்த்த சுமார் 7,500 நூல்களை 1969-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகம் வாங்கியது. பல்ப் இதழ்களும் ரசிகர் சிற்றிதழ்களும் பின்னர் சேர்ந்து, அது இன்று உலகின் மிகப் பெரிய விஞ்ஞானக் கதைக் காப்பகங்களில் ஒன்று. எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970-இல் தம் சேகரிப்பைக் கனடாவின் டொரண்டோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். யாரும் போய்ப் படிக்கலாம்.

ஆக்கர்மேனின் கதை வேறு விதம். 1926 அக்டோபர் ‘அமேசிங்’ இதழை வாங்கிய சிறுவன், லாஸ் ஏஞ்சலஸில் வீடு நிறைய லட்சக்கணக்கான பொருள்களைச் சேர்த்தார். வந்தவர்களையெல்லாம் உள்ளே அழைத்துக் காசு வாங்காமல் சுற்றிக் காட்டினார். எல்லாம் ஒரே அருங்காட்சியகமாக வேண்டும் என்பது அவர் கனவு. அது கைகூடவில்லை. வயதான காலத்தில் வழக்குச் செலவுக்குப் பெரும்பகுதியை விற்றார். 2008-இல் அவர் இறந்த பிறகு மிச்சம் ஏலத்துக்குப் போயிற்று.

இப்போது ஆயிரக்கணக்கான பழைய இதழ்கள் இணையக் காப்பகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி 28-ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பிக்காத பல இதழ்கள் பொதுவுடைமை ஆகிவிட்டதும் அதற்கு உதவியது. அந்த வருடிப் படங்கள் பலவும் தனியார் சேகரிப்பிலிருந்து வந்தவைதான். இன்னொரு பக்கம், காமிக்ஸ் உலகிலிருந்து ஒரு வழக்கம் நுழைந்திருக்கிறது. இதழுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். அட்டை தெரியும், கடிதப் பகுதி தெரியாது. முதலீட்டுக்கு அது சரி. கடிதம் எழுதியே இந்த இதழ்களைக் காப்பாற்றியவர்களின் வாரிசுகள் செய்கிற காரியமாக அது தெரியவில்லை.

ஆகவே, சேர்க்க நினைப்பவர்கள் முதல் இதழ் வாங்கும்போதே ஒரு நோட்டும் வாங்கட்டும். எந்த இதழ், எந்த நிலை, யாரிடம் வாங்கியது, தனக்குப் பின் எங்கே போக வேண்டும் என்று எழுதி, வீட்டில் ஒருவருக்காவது அந்த நோட்டு இருக்குமிடம் தெரிய வேண்டும். பட்டியல் இல்லாத சேகரிப்பு, அதைச் சேர்த்தவர் கண்ணை மூடிய மறுநாள் வெறும் பழைய பேப்பர்.